துறைமுகமும் நீதியும்: திருகோணமலை வரலாற்றிற் சமமற்றோரின் உரிமை பற்றிய சில குறிப்புகள்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை கடற்படைத் தளபதிகளின் கண்கொண்டு நோக்கியவை. இத்துறைமுகம் எத்துணை ஆழமானது, எத்தனை கப்பல்களை அடக்கவல்லது, வங்காள விரிகுடாவை ஆள விழையும் வல்லரசுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பனவே அவ்வெழுத்துக்களின் பொருள். துறைமுகத்தைச் சூழ்ந்து கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று, திருகோணமலைப்பற்று எனப் பரந்து கிடக்கும் நிலத்தில் வாழ்ந்த உழவரும் மீனவரும் ஊழியரும் அவற்றில் இடம்பெறுவது அரிது. இடம்பெறினும் கூலியாட்களாகவோ வரிகொடுப்போராகவோதான் இடம்பெறுவர். வலிமையிலும் செல்வத்திலும் பேரளவு ஏற்றத்தாழ்வு நிலவுமிடத்து நீதியும் சுதந்திரமும் எவ்வளவுதூரம் சாத்தியமாகும் என்ற வினாவை இம்மக்களின் நிலையில் நின்று எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா புதியதன்று. கி.மு. 416ஆம் ஆண்டில் ஏதென்சு நகரின் கடற்படை மேலோஸ் என்னும் சிறுதீவை அடிபணியுமாறு கேட்டபோது இரு தரப்பினருக்குமிடையே நிகழ்ந்ததாகக் கூறப்படும் உரையாடலைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் விரிவாக எழுதியுள்ளார். சமவலிமை உடையோரிடையே மட்டுமே நீதி பற்றிய பேச்சுக்கு இடமுண்டு என்பது ஏதென்சுத் தூதரின் வாதம். மேலோஸ் மக்கள் பணிய மறுத்தனர். ஆடவர் கொல்லப்பட்டனர், பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த ரூசோ, சமத்துவம் இல்லாவிடத்துச் சுதந்திரம் நிலைக்காது என்ற கருத்தைத் தமது அரசியற் கோட்பாட்டின் அடிப்படையாக்கினார். ஊன்றி நோக்கின் இருவரும் ஒரே உண்மையையே கூறுகின்றனர் எனலாம். ஏதென்சுத் தூதர் அதனை இயற்கையின் நியதியாகக் கொண்டனர். ரூசோ அதனை மனிதர் ஆக்கிய, ஆதலின் மனிதரால் மாற்றத்தக்க, ஒரு சமூக நிலையாகக் கொண்டார். இவ்விரு கருத்துக்களையும் உரைத்துப் பார்ப்பதற்குத் திருகோணமலையிலும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

முதலில் அரசுகளுக்கிடையிலான நீதியை எடுத்துக்கொள்வோம். 1620களிற் கோணேசர் ஆலயத்தை இடித்து அங்கே கோட்டை அமைத்த போர்த்துக்கேயரை வெளியேற்றும் பொருட்டுக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரின் உதவியை நாடினான். 1638 மே மாதத்தில் மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்யப்பட்டது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிலைகொள்வது மன்னன் விரும்பினால் மட்டுமே என்பது மன்னன் ஒப்பிய வாசகம். ஒல்லாந்தரின் படியில் மன்னனது விருப்பம் பற்றிய அச்சொற்கள் காணப்படவில்லை. ஒரே உடன்படிக்கை, இரண்டு வாசகங்கள். எது செல்லும் என்பதைத் தீர்ப்பதற்கு நீதிமன்றம் எதுவும் இருக்கவில்லை, கப்பல்களே இருந்தன. 1639இல் ஒல்லாந்தர் திருகோணமலையைக் கைப்பற்றினர். கிழக்கிலுள்ள இக்கோட்டையும் மட்டக்களப்புக் கோட்டையும் பின்னர் மன்னனிடம் கையளிக்கப்பட்டன. கறுவா விளையும் மேற்கிலும் தெற்கிலும் இருந்த காலியையோ, 1656இல் வீழ்ந்த கொழும்பையோ அவர்கள் கையளிக்கவில்லை. ஒப்பந்தத்தின் வாசகம் எங்கே மதிக்கப்பட்டது, எங்கே மதிக்கப்படவில்லை என்பதைத் தீர்மானித்தது கறுவாவின் விலையே என்பது இதனாற் பெறப்படும். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல என்று சிங்கள மக்கள் இன்றும் வழங்கும் பழமொழி இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படுவது. 1660களில் ஒல்லாந்தர் திருகோணமலைக்கும் மீண்டு வந்து சேர்ந்தனர்.

அடுத்த நூற்றாண்டிலும் இதே நிலையைக் காண்கிறோம். ஒல்லாந்தருடன் போரில் ஈடுபட்டிருந்த கண்டி அரசு ஆங்கிலேயரின் துணையை வேண்ட, 1762இல் யோன் பைபஸ் என்னும் தூதுவர் சென்னையிலிருந்து திருகோணமலை வழியாகக் கண்டிக்குச் சென்றார். ஆங்கிலக் கொம்பனி தனக்கு வேண்டியவற்றைக் கேட்டறிந்ததே தவிர உதவி எதுவும் செய்யவில்லை. தனித்து விடப்பட்ட கண்டி 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு இழந்தது. இருபது ஆண்டுகளின் பின், 1782 சனவரியில், திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் கியூ போயிட் என்பவரைக் கண்டிக்கு அனுப்பினர். 1762இல் நிகழ்ந்ததைக் கண்டி அரசவை மறந்திருக்கவில்லை. கொம்பனியோடு அன்றி இங்கிலாந்து மன்னனோடு மட்டுமே பேசுவோம் என்று விடை கூறிற்று. சமமான ஒருவரோடுதான் நேரிய உடன்படிக்கை செய்துகொள்ள முடியும் என்ற பட்டறிவு இவ்விடையில் அடங்கியுள்ளது. எனினும் அவ்வாண்டு ஒகஸ்ற் மாத இறுதியிற் பிரெஞ்சுத் தளபதி சவ்ரென் துறைமுகத்தைக் கைப்பற்றினான். பின்னர் அது ஆங்கிலேயருக்கும் அவரிடமிருந்து ஒல்லாந்தருக்கும் மாறிற்று. 1795இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. 1802இல் ஆமியன்ஸ் நகரிற் கைச்சாத்திட்ட உடன்படிக்கையால் அவர்களுக்கே உரித்தாயிற்று. ஐரோப்பாவிலே நிகழ்ந்த இப்பேரங்களில் தம்பலகாமத்து உழவனின் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வெளியிலிருந்து வந்த வல்லரசுகளின் கதையோடு இவ்வாராய்ச்சியை நிறுத்திக்கொள்வது எளிது, நம்மவருக்கு இதமானதுங்கூட. ஆயின் வல்லரசுகள் வருமுன்னர் இந்நிலப்பரப்பில் நிலவிய சமூக அமைப்பும் ஆராயப்பட வேண்டியதாகும். இதற்கு நமக்குக் கிடைக்கும் முதன்மையான ஆவணம் கவிராச வரோதயன் பாடியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு. பெயர் கல்வெட்டாயினும் அது கல்லிற் பொறிக்கப்பட்டதன்று. கோயிலின் நிருவாக ஒழுங்குகளைக் கூறும் இலக்கிய ஆவணம். குளக்கோட்டு மன்னன் ஆலயத்தைத் திருத்தி, வயல்களையும் குளங்களையும் அமைத்து, தானத்தார், வரிப்பத்தார் முதலிய குடிகளை வெளியிலிருந்து வருவித்துக் குடியேற்றி, ஒவ்வொரு குடிக்கும் உரிய தொழும்பை வகுத்தான் என அந்நூல் கூறுகிறது. குடிகளிடையே பிணக்கு நேருமிடத்து அதனைத் தீர்ப்பதற்கென மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்னும் வன்னிபம் வருவிக்கப்பட்டான் என்றும் கூறுகிறது.

இந்த நூல் நீதியைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதே நமக்கு முக்கியமானது. வகுத்த தொழும்பை வகுத்த குடி வழுவாது செய்தல், வகுத்த பங்கை வகுத்த குடி பெறுதல் ஆகிய இரண்டுமே அதன் நீதி. ஒருவன் தன் குடிக்கு வகுத்த பணியை விட்டு வேறொன்றை விரும்பினால் அது பிழை, தண்டத்துக்குரியது. வன்னிபத்தின் கடமை ஒழுங்கைக் காத்தல். ஒழுங்கு சரியானதுதானா என்று கேட்டல் அன்று. நிலமானிய அமைப்பிற்கே உரிய நீதிக் கோட்பாடு இது. இதனை வெறுமனே இகழ்ந்து ஒதுக்குவதும் முறையன்று. அடிநிலையில் இருந்தோருக்கும் வயலின் விளைவில் ஒரு பங்கும் விழாவில் ஓர் இடமும் உறுதிசெய்யப்பட்டிருந்தன. குளத்தின் கட்டு உடைந்தால் அதனைத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்பது ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டிருந்தது. காப்பு இருந்தது. ஆனாற் காப்பும் சுதந்திரமும் ஒன்றல்ல.

இவ்வமைப்பின் மீது பிரித்தானிய ஆட்சி விடுதலைச் சட்டங்கள் சிலவற்றை இயற்றியது. அடிமை முறைமையை முதலில் நோக்கலாம். ஒல்லாந்தர் 1707இல் யாழ்ப்பாணத்துக்கெனத் தொகுத்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய பகுதியும் உண்டு. சட்டம் அவர்களைச் சொத்தின் பாற்படுத்தியது. 1816 ஒகஸ்ற் 12ஆம் திகதிக்குப்பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என உடைமையாளர் பலர் உடன்பட்டனர். 1821இல், வட பகுதியிற் கோவியர், நளவர், பள்ளர் ஆகிய குலங்களிற் பிறக்கும் பெண் குழந்தைகளின் விடுதலையை அரசே பணம் கொடுத்துப் பெறும் திட்டம் வகுக்கப்பட்டது. 1833இற் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றி உடைமையாளருக்கு 2 கோடி பவுண் நட்டஈட்டை ஒதுக்கியபோது, கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆள்புலங்களோடு இலங்கையும் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. இலங்கையில் அடிமை முறை முற்றாகச் சட்டவிரோதமானது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலேயே.

இந்தச் சட்டங்கள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. பணம் பெற்றவர் எங்கும் உடைமையாளரே. தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்தவருக்கு ஒரு பரப்பு நிலந்தானும் கொடுக்கப்படவில்லை. 1844இல் அடிமை சுதந்திரனானான். மறுநாட் காலையில் அவன் சென்ற வயல் முன்னைய உடைமையாளரின் வயலே. கிணறும் கோயிலும் அவருடையவே. சுதந்திரம் என்பது இவ்விடத்திற் பட்டினி கிடப்பதற்கான உரிமையாகக் குறுகியது என்றால் அது மிகையாகாது. சட்டம் பொய் சொல்லவில்லை. பாதியை மட்டுமே சொல்லிற்று.

இராசகாரியத்தின் கதை இன்னும் சிக்கலானது. கோல்புறூக், கமரன் ஆகியோரின் சிபார்சின்படி 1832இற் கட்டாய ஊழியமான இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் சாதி, இன வேறுபாடின்றி எல்லோரையும் ஒரே நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது. முற்போக்கான சீர்திருத்தங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் குளங்களின் கட்டுகளையும் வாய்க்கால்களையும் பேணிவந்ததும் இந்தக் கட்டாய ஊழியந்தான். அதனை ஒழித்த அரசு அதற்குப் பதிலாக வேறொரு கூட்டு ஒழுங்கை உடனடியாக அமைக்கவில்லை. குளங்கள் தூர்ந்தன. மழை பொய்த்தால் விளைவில்லாத வறண்ட வலயத்தில் இதன் விளைவு எத்தகையது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம், மரபுவழி வந்த கூட்டுக் கடமையை மீண்டும் சட்டத்தின் வலிமையோடு உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. இடைக்காலத்தில், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதி காட்ட இயலாத தரிசு நிலங்களையும் காடுகளையும் சேனைப் பயிர் செய்யப்பட்ட நிலங்களையும் முடிக்குரியன எனக் கொள்ள வழி செய்தது. கொட்டியாரத்திலும் கட்டுக்குளத்திலும் காடு வெட்டிச் சேனை செய்து வாழ்ந்தவர்களிடமோ, மூதூர்க் கிழக்கு முதல் வெருகல் வரை கரையோரக் காடுகளில் வாழ்ந்த வேடர்களிடமோ எந்த உறுதி இருந்தது? உழைப்புக்கு விடுதலை அளித்த அதே பத்தாண்டில் நிலம் பறிக்கப்பட்டது. நீதிமன்றத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது; ஆயின் அங்கே பேசப்பட்ட மொழி ஆங்கிலம், செலுத்த வேண்டியது முத்திரை வரி, காட்ட வேண்டியது எழுத்திலான உறுதி. மூன்றும் செல்வர் கையில் இருந்தன.

நாட்டின் சுதந்திரத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 1947 நவம்பர் 11ஆம் திகதி டி. எஸ். சேனநாயக்கா பிரித்தானியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டார். அதன்படி 1948 பெப்ரவரி 4க்குப் பின்னரும் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா விமானத்தளமும் பிரித்தானியரிடமே இருந்தன. இலங்கை உண்மையிற் சுதந்திர நாடன்று என்று கூறிச் சோவியத் ஒன்றியம் ஐக்கிய நாடுகள் சபையில் அதன் அனுமதியைத் தடுத்தது. 1955 டிசம்பர் வரை இலங்கையால் அங்கே அங்கத்துவம் பெற முடியவில்லை. வல்லரசுப் போட்டியிற் பிறந்த வாதமாயினும் அதில் ஓரளவு உண்மை இருந்தது. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது அது தேசிய வெற்றியாகக் கொண்டாடப்பட்டமை முற்றும் நியாயமானதே.

ஆனால் வெற்றி யாருடையது? தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்களுட் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவரும் இருந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் வேலையோடு இருக்கும் உரிமையும் அவர்களுக்கு நிச்சயமற்றதாயிற்று. அதே 1957இல், பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று திருகோணமலையிற் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே நகரில், ஒரே ஆண்டில், அரசு வெளியாரிடமிருந்து பெற்ற சுதந்திரமும் அவ்வரசிடம் ஒரு சிறுபான்மை இனத்தவன் கேட்ட சுதந்திரமும் இவ்வாறு எதிரெதிரே நின்றன.

குடியேற்றத் திட்டங்களும் இக்கண்ணோட்டத்திலேயே நோக்கப்பட வேண்டும். 1881ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாயிருந்த சிங்கள மக்கள் 1946இல் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினராகவும், கந்தளாய், அல்லை, முதலிக்குளம் ஆகிய திட்டங்களின் பின் 1981இல் மூன்றிலொரு பங்கினராகவும் உயர்ந்தனர். தமிழரதும் முசுலிம்களதும் அரசியற் பலத்தை இது குறைத்தது. அவர்களின் அச்சம் கற்பனையன்று. எனினும் குடியேற்றப்பட்டவரிற் பெரும்பாலோர் வேறு மாவட்டங்களின் நிலமற்ற ஏழை உழவர் என்பதையும் மறத்தலாகாது. தெற்கில் நிலவிய நில ஏற்றத்தாழ்வைத் தீர்க்க விரும்பாத ஆளும் வர்க்கம், அதனைக் கிழக்கிற்கு இடம்மாற்றி இனப்பிணக்காக வடிவமைத்தது. இரு தரப்பு ஏழைகளும் ஒருவரையொருவர் நோக்கி நின்றனர். நிலத்தைப் பங்கிட்டவன் இருவர் பார்வைக்கும் அப்பால் நின்றான்.

1987 யூலை 29ஆம் திகதி கைச்சாத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களை நமது அரசியல் ஆய்வாளர் போதியளவு கவனித்ததாகத் தெரியவில்லை. ஒப்பந்தத்தின் பிரதான பகுதி வடக்குக் கிழக்கு மாகாணங்களின் இணைப்புப் பற்றியது. கடிதங்களோ, திருகோணமலை உட்பட எந்தத் துறைமுகமும் இந்தியாவின் நலனுக்குப் பாதகமான இராணுவப் பயன்பாட்டுக்கு அளிக்கப்படாது என்றும், எண்ணெய்க் குதங்கள் இரு நாடுகளின் கூட்டு முயற்சியாகச் சீரமைக்கப்படும் என்றும் கூறின. 2006 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைப்பைச் செல்லாததாக்கியது. 2007 சனவரியில் மாகாணங்கள் பிரிந்தன. குதங்கள் பற்றிய வாக்குறுதி உயிரோடிருந்தது. 2003இல் அவை இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனத்துக்கு வழங்கப்பட்டன. 2022 சனவரியில், எஞ்சியுள்ள 99 குதங்களில் 14 அந்நிறுவனத்துக்கும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 61 இருவரதும் கூட்டுக் கம்பனிக்கும் எனப் பங்கிடப்பட்டன. மக்களுக்கு அளித்த உறுதி கலைந்தது. எண்ணெய்க்கு அளித்த உறுதி நிலைத்தது. 1638இன் இரு வாசகங்கள் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றன.

2006ஆம் ஆண்டு இம்மாவட்டத்தின் வரலாற்றிற் கொடியதோர் ஆண்டு. சனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். ஒகஸ்றில் மூதூரிற் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர் 17 பேர் கொல்லப்பட்டனர். அம்மாதம் மூதூர் முசுலிம்கள் ஆயிரக்கணக்கில் நகரை விட்டு ஓடவேண்டியிருந்தது. மாணவர் கொலை வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 யூலையிற் போதிய சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டனர். முக்கிய சாட்சிகள் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தனர். சாட்சியின்றித் தண்டிக்க முடியாது என்பது சிறந்த சட்டக் கொள்கை. சாட்சியை நாட்டில் வாழவிடாத சமூகத்தில் அக்கொள்கை வல்லவனுக்கே காவலாகிறது.

அவ்வாண்டு ஏப்பிரல் முதல் செப்ரெம்பர் வரை நிகழ்ந்த தாக்குதல்களாற் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை முதலிய கொட்டியாரத்துக் கிராம மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007 மே 30ஆம் திகதி அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உச்ச நீதிமன்றத்தில் இடப்பட்ட மனு விசாரணைக்கு ஏற்கப்படவில்லை. இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனத்தோடு சேர்ந்து அங்கே நிலக்கரி மின்னிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2012இல் 818 ஏக்கர் முதலீட்டு வலயமாக்கப்பட்டுத் தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. முதலிற் பாதுகாப்பு, பின்னர் அபிவிருத்தி. காரணம் மாறியது, வேலி மாறவில்லை.

ஏதென்சுத் தூதரின் வாதப்படி இக்கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் தகரக் கொட்டில்களில் வாழ்ந்த மக்கள் மாற்று நிலத்தை ஏற்க மறுத்தனர். நிவாரணம் நிறுத்தப்பட்ட காலத்திலும் மறுத்தனர். 2015இல் ஆட்சி மாறியபோது அந்த மறுப்புக்கு அரசியற் பெறுமதி கிட்டியது. அவ்வாண்டு 818 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது. 2016 மார்ச்சிற் கடற்படை முகாம் அமைந்திருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது. அதே ஆண்டு நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. நீதிமன்றம் அளிக்காததைத் தேர்தலும் பிடிவாதமும் சேர்ந்து அளித்தன. வலிமை என்பது கப்பலும் பணமும் மட்டும் அன்று என்பதற்கு இது சான்று. இதனை மிகைப்படுத்தவும் கூடாது. கொழும்பில் ஆட்சி மாறியிராவிட்டால் அம்மறுப்பு இன்னும் எத்தனை ஆண்டு தாங்கியிருக்கும் என்று கூறமுடியாது.

திரும்பிவந்தோருக்குள்ளும் சமத்துவம் இருக்கவில்லை. உறுதி உடையவருக்கு நிலம் மீண்டது. பிறர் வயலிற் கூலிக்கு உழைத்தவர், குத்தகைக்குச் செய்தவர், பரம்பரையாகக் காட்டோரம் குடியிருந்தவர் ஆகியோருக்கு விடுவிக்கப்பட்ட 818 ஏக்கரில் எழுத்திலான பங்கு எதுவும் இல்லை. 1844இல் விடுதலை பெற்றவனுக்கும் 1840இற் காடு இழந்தவனுக்கும் நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்தது. இவர்களின் உரிமையைப் பற்றி, மீட்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய நம் அரசியற் கட்சிகள் அதிகம் பேசியதில்லை. பாதுகாப்பு வலயத்தை எதிர்க்கும்போது உரத்த குரல், ஊருக்குள் நிலப்பங்கீடு என்றவுடன் தாழ்ந்துவிடுகிறது.

2025 ஏப்பிரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பில் இருந்தவாறே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்னிலையத்தின் தொடக்க விழாவை நடத்திவைத்தார். அன்றே திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றி இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் ஓர் உடன்பாட்டிற் கைச்சாத்திட்டன. கைச்சாத்திட்டோர் மூவர், கொட்டியாரத்திலிருந்து அங்கே எவரும் அழைக்கப்படவில்லை.